ஹைட்ரஜன் உலோகமாகும் இடம்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்கு மகேந்திரகிரியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது இடது கைப்பக்கம் ஓங்கி நிற்கிற மலை. அதன் அடிவாரத்தில், குமரி மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது. அங்கே சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கு எரிபொருள் திரவ ஹைட்ரஜன். மைனஸ் 253 டிகிரியைத் தாண்டினால் கொதித்து ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் எடுத்து நிறுத்தால் 71 கிராம்தான் வரும். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணன் இந்த எஞ்சின்களோடே பல காலம் மல்லுக்கட்டியவர், நம்ம மேலக்காட்டுவிளைக்காரர்.

ஆக, ஹைட்ரஜன் ஒரு வாயு, ரொம்பக் குளிர்வித்தால் திரவமாகும் என்பது வரை இங்கே பலருக்கும் தெரியும். இன்னும் ஆறு டிகிரி குளிர்வித்தால் உறைந்து கட்டியாகும். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டூவர் 1898-ல் அதைத் திரவமாக்கினார், மறு வருடமே கட்டியாக்கிவிட்டார். தனிம அட்டவணையில் ஹைட்ரஜனுக்கு நேர் கீழே லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று வரிசையாக உலோகங்கள். அதனால் உறைந்த ஹைட்ரஜனும் உலோகமாகப் பளபளக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. கிடைத்ததோ நிறமில்லாத, தெளிந்த கட்டி. மின்சாரம் பாயவில்லை.

குளிரால் ஆகாத அந்த வேலை அழுத்தத்தால் ஆகும். ஆனால் அதற்கு வேண்டிய அழுத்தம் கொஞ்சநஞ்சம் அல்ல. வியாழனின் வயிற்றுக்குள் அது தாராளமாக இருக்கிறது. சூரியனை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் கோள்களில் மிக அதிகமாக இருக்கிற உலோகம் எது என்ற கேள்விக்கு இரும்பு என்றுதான் வாயில் வரும். சரியான விடை ஹைட்ரஜன். வியாழனுக்குள்ளும் சனிக்குள்ளும் அது திரவ உலோகமாகக் கிடக்கிறது.

உலோகம் என்றால் என்ன? பளபளப்பு, தட்டினால் தகடாகும் குணம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிற காரணம் ஒன்று. அணுவின் வெளிப்பக்கத்து எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் பொருள் முழுக்க ஓடித்திரிந்தால் அது உலோகம். செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்வது அதனால்தான்.

நம்ம மாவட்டத்து ஊர்களையே எடுத்துக்கொள்வோம். விளவங்கோடு பக்கம் உள்ளே போனால் வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும். ஒரு விளை, நடுவில் ஒரு வீடு, சுற்றி ரப்பரோ தென்னையோ, அதைச் சுற்றி ஒரு கையாலை. அந்த வீட்டுப் பிள்ளை அந்த விளைக்குள்தான் விளையாடும். இப்போது கடற்கரைக்கு வாருங்கள். கடியப்பட்டணத்திலோ குறும்பனையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டு முன்வாசலில் நுழைந்த பிள்ளை அடுத்த வீட்டுப் பின்வாசலில் வெளியே வரும். மத்தியானம் எங்கே மீன்குழம்பு மணக்கிறதோ அங்கே உட்கார்ந்து சாப்பிடும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் தெருவையே கைகாட்ட வேண்டியதுதான். சாதாரண ஹைட்ரஜன் முதல் வகை ஊர். இரண்டு அணுக்கள் கைகோத்து ஒரு மூலக்கூறு. அவற்றின் இரண்டு எலக்ட்ரான்களும் அந்த வளவோடு சரி. அழுத்திக்கொண்டே போனால் மூலக்கூறுகள் நெருங்கும். ஒரு கட்டத்தில், தன் ஜோடி அணு இருக்கிற தூரமும் பக்கத்து மூலக்கூறின் அணு இருக்கிற தூரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் 'என் ஜோடி, என் எலக்ட்ரான்' என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சுவது புரோட்டான்களும், அவற்றுக்கு இடையே தடையின்றி ஓடும் எலக்ட்ரான் கூட்டமும். ஹைட்ரஜன் உலோகமாகிவிட்டது.

புதிதாக எதையும் கலக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. அதே அணுக்கள், நெருக்கம் மட்டும் கூடியிருக்கிறது. உலோகத் தன்மை ஒரு தனிமத்தின் பிறவிக் குணம் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. அது பெரும்பாலும் நெருக்கத்தின் விளைவுதான்.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் யூஜின் விக்னரும் ஹில்லார்ட் ஹண்டிங்டனும். ஆண்டு 1935. காற்று நம்மை அழுத்துவதைப்போல 2.5 லட்சம் மடங்கு அழுத்தம் கொடுத்தால் ஹைட்ரஜன் உலோகமாகலாம் என்றார்கள். குவாண்டம் இயந்திரவியல் பிறந்து பத்து வருடம்தான் ஆன நேரம், கணினி கிடையாது. அடிப்படை யோசனை சரியாக இருந்தது, எண் மட்டும் ரொம்பக் குறைந்துபோனது. உண்மையில் அதைவிடப் பல மடங்கு வேண்டியிருக்கிறது.

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு ஒரு அளவு. கடலில் பத்து மீட்டர் முங்கினால், காற்று தருகிற அழுத்தத்தோடு அதே அளவு இன்னொரு மடங்கு சேரும். உலகின் மிக ஆழமான மரியானா பள்ளத்தின் அடியில் அது சுமார் 1,100 மடங்கு. பூமியின் நட்டநடு மையத்தில் சுமார் 36 லட்சம் மடங்கு. வியாழனின் மையத்தில் 4 கோடி மடங்கு அளவில் இருக்கும்; சில கணக்குகளில் அதற்கும் மேலே.

காரணம் எடைதான். வியாழன் 318 பூமிகளின் எடை. அதில் பெரும்பங்கு ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம், மற்றதெல்லாம் ஓரஞ்சாரம். மேலே இருக்கிறதெல்லாம் கீழே இருக்கிறதை அழுத்துகிறது. சனியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சனியின் எடை 95 பூமி. வியாழன் அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனால் ஆரத்தைப் பாருங்கள்: சனி சுமார் 58,000 கிலோமீட்டர், வியாழன் சுமார் 70,000. சரக்கு மூன்று மடங்கு, குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். மிச்சமெல்லாம் உள்ளே நெருங்கிப் போய்விட்டது.

முட்டம் பாறைப் பக்கம், அல்லது சொத்தவிளைக் கடற்கரையில், சின்ன டெலஸ்கோப் ஒன்றை வைத்து வியாழனைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நான்கு நிலாக்கள். அப்புறம் இரண்டு பழுப்புப் பட்டைகள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: கோள் முழு வட்டமாக இல்லை. நடுவில் புடைத்து, மேலும் கீழும் சப்பையாக இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஆரம் நடுக்கோட்டில் 71,492 கிலோமீட்டர், துருவத்தில் 66,854. எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சப்பையாகிறது என்பது, உள்ளே எடை எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. கோளைத் தொடாமலே அதன் உள்ளே எட்டிப் பார்க்கிற வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் தவறாமல் கேட்கிற கேள்வி: "சாரே, அங்க போய் இறங்குனா கால் எதுல ஊணும்?"

"எதுலயும் ஊணாது மக்கா" என்பதுதான் நேர்மையான பதில். கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஒரு சிறு கலம் 1995 டிசம்பர் 7 அன்று வியாழனின் காற்றுக்குள் பாராசூட்டில் இறங்கியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாக்குப்பிடித்தது. அழுத்தம் 22 மடங்கைத் தொட்டபோது பேச்சு நின்றுவிட்டது. அதுவரை அது போன ஆழம் சுமார் 150 கிலோமீட்டர். 70,000-ல் 150! அதற்குக் கீழே யாரும் போனதில்லை. ஆனால் என்ன இருக்கும் என்று இயற்பியல் சொல்கிறது. ஹைட்ரஜன் அடர்ந்துகொண்டே போகும். இங்கே வாயு முடிந்தது, இங்கே திரவம் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட ஒரு மட்டம் இருக்காது. பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் கீழே போனால் அழுத்தம் 10 லட்சம், 20 லட்சம் என்று ஏறும், வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டும், மின்சாரம் பாய ஆரம்பிக்கும். அதற்கும் எல்லைக்கோடு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உலோகமாகிறது. அங்கிருந்து கீழே பல பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தத் திரவ உலோகம்தான்.

யாரும் போகவில்லை என்றால் இதை எப்படி நம்புவது? நல்ல கேள்வி. முதல் தடயம் காந்தம். 1955-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் ரேடியோ ஆண்டெனாவில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது இடையிடையே கரகரவென்று ஓர் இரைச்சல் வந்தது. பக்கத்து ரோட்டில் போகிற வண்டியின் எஞ்சினாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகம். கடைசியில் அது வியாழனிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. காந்தப்புலத்தில் மாட்டிய எலக்ட்ரான்கள் எழுப்புகிற ஒலிபரப்பு அது. பூமிக்கு வெளியே ஒரு கோளுக்குக் காந்தம் உண்டு என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

கோளுக்குக் காந்தம் வர மூன்று விஷயம் வேண்டும்: உள்ளே மின்சாரம் கடத்துகிற திரவம் இருக்க வேண்டும், அது வெப்பத்தால் கொதித்து மேலும் கீழும் புரள வேண்டும், கோளும் சுற்ற வேண்டும். பூமியில் அந்தத் திரவம் உருகிய இரும்பு. காந்த நடுக்கோடு நம் மாவட்டத்தை ஒட்டித்தான் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்தத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். ஒரு காந்த ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், இங்கே அது கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே நிற்கும். இங்கே நம் காந்தப்புலத்தின் பலம் சுமார் 0.4 காஸ் (காந்தப்புலத்தை அளக்கிற ஓர் அலகு). வியாழனின் மேகமட்டத்து நடுக்கோட்டில் அதைப்போலப் பத்து மடங்கு. சில இடங்களில் இன்னும் அதிகம். அந்தக் காந்தப்புலத்தின் வெளிப்பரப்பு கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருந்தால், இவ்வளவு தூரத்திலிருந்தும் நம் வானத்தில் முழுநிலவைவிடப் பெரிதாகத் தெரியும். இத்தனைக்கும் வியாழனின் மொத்தச் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உள்ளே பெரிய இரும்புக் கடல் இருக்க வழியில்லை. அப்படியானால் மின்சாரம் கடத்துவது யார்? அங்கே கொட்டிக் கிடக்கிற சரக்கு ஹைட்ரஜன் ஒன்றுதான்.

2016 ஜூலையில் வியாழனைச் சுற்றத் தொடங்கிய ஜூனோ விண்கலம் இன்னொரு தடயத்தைச் சேர்த்தது. அந்தப் பழுப்புப் பட்டைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற காற்று எவ்வளவு ஆழம் வரை வீசுகிறது என்பது பழைய சண்டை. ஜூனோ அருகில் பறக்கும்போது ஈர்ப்பு அதை இழுக்கிற விதத்தில் இருக்கிற நுணுக்கமான வித்தியாசங்களை, அதன் ரேடியோ அலையின் ஏற்ற இறக்கத்தை வைத்து அளந்தார்கள். சுமார் 3,000 கிலோமீட்டர் என்று வந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே உடம்பாகச் சுற்றுகிறது. ஏன் அங்கே நிற்க வேண்டும்? அந்த ஆழத்தில் ஹைட்ரஜன் முழு உலோகமாகாவிட்டாலும் ஓரளவு மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. எடை குறைந்த சனியில் அழுத்தம் மெதுவாக ஏறுவதால் காற்று 9,000 கிலோமீட்டர் வரை போகிறது. இரண்டு எண்ணும் இப்படிப் பொருந்தி வருவது எனக்குக் காந்தத்தைவிடப் பெரிய ஆறுதல்.

எனக்கு மிகப் பிடித்த தடயம் ஹீலியம் மழை. ஹீலியம் எதனோடும் ஒட்டாத ஆள். மேலே ஹைட்ரஜன் மூலக்கூறாக இருக்கும்வரை இரண்டும் கலந்தே இருக்கும். ஹைட்ரஜன் உலோகமாகும் ஆழத்தில், வெப்பம் போதாவிட்டால், ஹீலியம் பிரிந்து துளித்துளியாகக் கனத்துக் கீழே இறங்கும். 1970-களில் எட்வின் சால்பீட்டரும் டேவிட் ஸ்டீவன்சனும் இதைக் கணக்கில் கண்டார்கள். சரி, நடக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? மேலே இருக்கிற காற்றில் ஹீலியம் குறைந்திருக்க வேண்டும். கலிலியோவின் அந்தச் சிறு கலம் அளந்தது: சூரியக் குடும்பம் உருவான மேகத்தில் எடைக்கணக்கில் 27 சதவீதத்துக்கு மேல் இருந்த ஹீலியம், வியாழனின் மேல்காற்றில் சுமார் 24 சதவீதம்தான். குறைவுதான், ஆனால் இதை மட்டும் வைத்து அடித்துப் பேச முடியாது. நியான் விஷயம் வேறு. சூரியனில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்கு நியான்தான் அங்கே இருக்கிறது. நியான் எதனோடும் வினைபுரியாது, மேகமாக உறையவும் அங்கே குளிர் போதாது. எங்கே போயிற்று? 2010-ல் ஹியூ வில்சனும் புர்கார்ட் மிலிட்சரும் கணினியில் போட்டுப் பார்த்து ஒரு விடை சொன்னார்கள்: நியானுக்கு உலோக ஹைட்ரஜனைவிட ஹீலியத் துளிகளில் கரைவதுதான் இஷ்டம். மழையோடு சேர்ந்து அதுவும் கீழே போய்விட்டது. காணாமல்போன ஒரு வாயுவை வைத்துக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் மழை பெய்கிறது என்று கண்டுபிடிப்பது, யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் திமிரான துப்பறிதல்தான்.

இந்த மழைக்குச் சனியில் இன்னொரு வேலையும் உண்டு. சனி சூரியனிடமிருந்து வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியே விடுகிறது. பிறந்தபோது இருந்த சூடு மட்டும் என்றால், 450 கோடி வருடத்தில் இதற்குள் நன்றாக ஆறியிருக்க வேண்டும். விழுகிற ஹீலியம் தன் வீழ்ச்சியின் ஆற்றலை வெப்பமாகக் கொடுப்பதால்தான் சனி இன்னும் ஆறாமல் இருக்கிறது என்பது பலரும் ஏற்கிற விளக்கம்.

இனி பூமிக்கு வருவோம். இங்கே ஒரு சிட்டிகை உலோக ஹைட்ரஜன் செய்ய முடிந்ததா? இரண்டு வழியில் முயன்றார்கள். ஒன்று, அடித்து நொறுக்குவது. 1996-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் வில்லியம் நெல்லிஸ் குழு, ஒரு பெரிய வாயுத் துப்பாக்கியால் தகடு ஒன்றைச் சுட்டுத் திரவ ஹைட்ரஜன் மேல் மோதவிட்டது. 14 லட்சம் மடங்கு அழுத்தம், சுமார் 3,000 டிகிரி. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் அது உலோகம்போல மின்சாரம் கடத்தியது. வியாழனுக்குள் இருப்பதும் இதே சூடான திரவ வகைதான்.

இரண்டாவது வழி, மெதுவாக நசுக்குவது. கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு வைரங்கள் முனையோடு முனை. முனையின் அகலம் தலைமுடி தடிமனைவிடக் குறைவு. நடுவில் மெல்லிய உலோகத் தகடு, அதில் ஒரு துளை, அந்தத் துளைக்குள் ஹைட்ரஜன். திருகாணியை முறுக்க முறுக்க அழுத்தம் ஏறும். சிக்கல் என்னவென்றால் ஹைட்ரஜன் வைரத்துக்குள்ளேயே கசிந்து அதை உடைத்துவிடும். 2017 ஜனவரியில் ஹார்வர்டில் ரங்கா டயஸும் ஐசக் சில்வேராவும் 49 லட்சம் மடங்கு அழுத்தத்தில் பளபளக்கிற உலோக ஹைட்ரஜனைப் பார்த்ததாக அறிவித்தார்கள். அழுத்தத்தை அளந்த விதம் சரியா, பளபளப்பு வைரத்தின் மேல் இருந்த பூச்சிலிருந்து வந்ததா என்று மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த மாதமே வைரம் உடைந்து மாதிரி போய்விட்டது. 2020-ல் பிரான்சில் பால் லூபேர் குழு 42 லட்சம் மடங்கில் ஹைட்ரஜன் அகச்சிவப்பு ஒளியைச் சட்டென்று தடுத்துவிடுவதைக் காட்டியது. அது உலோகமானதன் அறிகுறி. விவாதம் முழுதாக ஓயவில்லை என்றாலும் இதைத்தான் இப்போது அதிகம் பேர் நம்புகிறார்கள்.

அழுத்தத்தை எடுத்த பிறகும் அது உலோகமாகவே நிற்கும், ராக்கெட் எரிபொருளாக்கலாம், சாதாரண வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். மின்தடை விஷயத்தை நீல் ஆஷ்கிராஃப்ட் 1968-லேயே முன்வைத்தார். அதற்குக் கணக்கு இருக்கிறது. மற்றதை, யாராவது வைரத்தைத் திறந்து கையில் எடுத்துக் காட்டும்வரை நான் நம்புவதாக இல்லை.

வியாழனின் மையத்தைப் பற்றியும் ஜூனோ பழைய படத்தை மாற்றிவிட்டது. பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்த ஒரு கெட்டியான கரு, அதைச் சுற்றி ஹைட்ரஜன் என்றுதான் புத்தகங்களில் வரைந்திருப்பார்கள். ஜூனோ தந்த ஈர்ப்புக் கணக்கோ, கனமான சரக்கு கோளின் பாதி ஆரம் வரை ஹைட்ரஜனோடு கலந்து பரவியிருக்கிறது என்கிறது. உலோக ஹைட்ரஜன் பாறையையும் பனியையும் கரைக்கக்கூடியது என்று கணக்குகள் காட்டுவதால் கரு மெல்லக் கரைந்திருக்கலாம். இன்னொரு பெரிய கோள் வந்து மோதிக் கலக்கியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. சனியிலும் இதே கதை. சனியின் உடம்பு அதிரும்போது அதன் வளையங்களில் எழும் சிற்றலைகளைக் காசினி விண்கலம் பிடித்து வைத்திருந்தது. அவற்றை வைத்து 2021-ல் கணக்கிட்டபோது, ஓரம் மங்கிய கரு ஆரத்தில் 60 சதவீதம் வரை பரவிக் கிடந்தது.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் பெரிய கோள்கள்தான், ஆனால் உலோக ஹைட்ரஜனுக்கு அங்கே வழியில்லை. அவற்றின் ஹைட்ரஜன் மேல்போர்வை போதுமான ஆழம் போவதற்குள் தண்ணீர், அமோனியா, மீத்தேன் கலந்த சூடான அடர்ந்த பகுதி வந்துவிடுகிறது. இருந்தாலும் இரண்டுக்கும் காந்தம் உண்டு. அதுவும் சுற்றும் அச்சிலிருந்து 59 டிகிரியும் 47 டிகிரியும் சாய்ந்து, மையத்தை விட்டு விலகி. அங்கே மின்சாரம் கடத்துவது நொறுங்கிய தண்ணீர் மூலக்கூறுகளாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆக்ஸிஜன் அணுக்கள் அசையாமல் நிற்க, ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் அவற்றினூடே ஓடும் ஒரு விசித்திரமான பனிக்கட்டியை 2018-ல் லேசர் அடித்து ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். அந்த இரண்டு கோள்களுக்கும் இதுவரை போயிருக்கிற ஒரே விண்கலம் வாயேஜர் 2. யுரேனஸை 1986-லும் நெப்டியூனை 1989-லும் கடந்தபோது அது அளந்துவிட்டுப் போன எண்களை வைத்துத்தான் இன்னமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.